மூச்சை எண்ணியவள்

என் அக்கா முப்பத்து மூன்று வருடம் மூச்சை எண்ணினாள். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பேருடைய மூச்சு. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைதான் அது. ஆனால் அந்த வேலையை அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றில் அவள் உதவியாளர். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே அனுப்புவதற்கு முன் எடை, ரத்த அழுத்தம், நாடி, மூச்சு நான்கையும் பார்த்துச் சீட்டில் எழுதித் தருவாள். ஒரு மேசை, ஒரு முக்காலி, எடை பார்க்கும் இயந்திரம், சுவரில் நொடிமுள் ஓடும் கடிகாரம். இருபத்தேழு வயதில் அந்த மேசையில் உட்கார்ந்தவள் அறுபதில்தான் எழுந்தாள். போன மாதம் அவள் இறந்தபோது வயது அறுபத்தொன்று. செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சு வலிக்கிறது என்றாள். மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியை டெய்லரம்மா சொன்னார். அந்தக் காலத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் தரைத்தளத்தில் தையல்கடை வைத்திருந்தவர். அக்கா இறந்த இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்தார். பேசி முடித்ததும், "எழுதணும்னா எழுதிக்கோ சின்னவனே, இனிமே யாருக்கு ஒளிக்கணும்?" என்றார்.

அக்காவுக்கு வேலை கிடைத்த அன்று அம்மா கட்டடம் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான்கு மாடி, பதினாறு வீடு. எந்தப் பிரிவு என்ற உத்தரவு மறுநாள்தான் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். நான் படித்தேன். "அப்படின்னா?" என்றாள்.

"மனசு சரியில்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்கற பிரிவும்மா."

அம்மா அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். அப்புறம், "காது மூக்கு தொண்டைன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"உன் அக்காவுக்குக் கல்யாணம் ஆகணுமா வேணாமா? அப்பா இல்லாத வீடு. நாளைக்கு யாராவது விசாரிச்சா என்ன சொல்றது, பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னா? காது மூக்கு தொண்டைன்னா சுத்தமா இருக்கு. மூணு இருக்கு வேற."

அக்கா சிரித்தாள். மறுத்துப் பேசவில்லை. ஆனால் அம்மா ஒன்றை யோசிக்கவில்லை. பதினாறு வீட்டில் முப்பத்திரண்டு காதுகளாவது இருக்கும், அதில் ஏதாவது ஒன்று எப்போதும் வலித்துக்கொண்டிருக்கும். முதல் வாரமே இரண்டாம் மாடி டீச்சர் தன் பையனைக் காதைப் பிடித்தபடி அழைத்து வந்துவிட்டார். அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் படித்திருந்தது உதவியாளர் பயிற்சி, ஒன்பது மாதம். எட்டிப் பார்த்துவிட்டு, "எதையும் ஊத்தாதீங்க டீச்சர், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். அதற்குப் பிறகு வந்த எல்லாக் காதுக்கும், எல்லாத் தொண்டைக்கும் அதையேதான் சொன்னாள். "பொண்ணு ரொம்பப் பொறுப்பு, தானா மருந்து குடுக்கறதில்ல" என்று கட்டடத்தில் நல்ல பெயர் வந்தது.

வேலைக்குப் போன முதல் வார இறுதியில் அக்கா தன் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக்கொண்டே கேட்டாள்: "டேய், எங்க தலைக்கு மேல ஒரு போர்டு இருக்குடா. சைக்கியாட்ரின்னு. அந்த வார்த்தைக்கு என்னடா அர்த்தம்?"

"அதான் சொன்னேனே."

"நீ சொன்னது அங்க என்ன வேலை நடக்குதுன்னு. நான் கேக்கறது வார்த்தைக்கு அர்த்தம். வர்றவங்க கேக்கறாங்க. போர்டைப் பாத்துட்டு நிக்கறாங்க, அப்படியே திரும்பிப் போயிடறாங்க. நேத்து மட்டும் பதினோரு பேர்."

"எண்ணினியா?"

"வேற என்ன செய்யறது? என் நாற்காலி வாசலைப் பாத்துத்தான் இருக்கு."

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். திங்கட்கிழமை நூலகத்தில் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அன்று சாயந்திரம் பெரிய அறிஞன் மாதிரி அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். கிரேக்கச் சொற்கள் இரண்டு சேர்ந்தது. முதல் பாதி 'சைக்கி'. அந்த மொழியில் ரொம்பப் பழைய காலத்தில் அதற்கு மூச்சு என்று பொருள். மூச்சு நின்றால் உயிர் இல்லை, அதனால் உயிர் என்றும் ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் ஆன்மா என்றார்கள், மனம் என்றார்கள். வண்ணத்துப்பூச்சிக்கும் அதே சொல்தான். இரண்டாவது பாதி வைத்தியம், குணமாக்குவது.

"வண்ணத்துப்பூச்சியை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. "சரி, யார் இதைச் சேத்தது? கிரேக்கக்காரங்களா?"

"இல்லை. ரெண்டு பாதியும் ஆயிரக்கணக்கான வருஷமா தனித்தனியா இருந்திருக்கு. ஒரு ஜெர்மன் டாக்டர்தான் எடுத்து ஒட்ட வெச்சாரு. இன்னும் இருநூறு வருஷம்கூட முழுசா ஆகலை. கத்தி வெச்சு ஒரு வைத்தியம் இருக்கு, மருந்து குடுத்து ஒரு வைத்தியம் இருக்கு, மனசு வழியா பண்றதும் அதே மாதிரி மூணாவது வைத்தியம், அதையும் டாக்டருங்கதான் பாக்கணும்னு எழுதியிருக்காரு."

"இருநூறு வருஷம்கூட ஆகலையா?" கோட்டின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அதுக்கு முன்னாடி இவங்களை எல்லாம் என்ன பண்ணினாங்க?"

"கட்டி வெச்சிருப்பாங்க. அடிச்சிருப்பாங்க. சில இடத்துல நல்லாவும் பாத்திருப்பாங்க."

அவள் கோட்டை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டாள். அந்த இறுக்கத்தைக் கலைக்க நான் கேலியாகச் சொன்னேன்: "நீ மூச்சு எண்ணறே இல்ல? அப்ப அந்தப் பிரிவுலயே போர்டுக்குச் சரியா வேலை பாக்கறது நீதான்."

என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேலி அவளுக்குப் புரியாது என்றில்லை, நன்றாகவே சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு, அந்தக் கேலிக்குள் ஏதாவது சாமான் இருக்கிறதா என்று தனியாக எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். அன்று மெதுவான குரலில் சொன்னாள்: "நான் எங்கடா எண்ணறேன். பதினெட்டுன்னு போடறேன்."

அங்கே அதுதான் வழக்கமாம். நாடியை இயந்திரம் காட்டிவிடும், எடையை இயந்திரம் காட்டிவிடும். மூச்சை மட்டும் ஆள்தான் எண்ண வேண்டும். அதற்கு நேரம் ஏது? அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் போகிறபோது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "மூச்சுக்குப் பதினெட்டு போட்டுடு, யாரும் கேக்க மாட்டாங்க." பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் கிழவருக்குப் பதினெட்டு, குழந்தைக்குப் பதினெட்டு, அழுதுகொண்டே வந்தவருக்கும் பதினெட்டு. பத்து வருடமாக அந்த வாசலில் நுழைந்த அத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து அக்கா எண்ண ஆரம்பித்தாள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இல்லை, முழு நிமிடம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'உங்க மூச்சை எண்ணறேன்' என்று சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும். யாராக இருந்தாலும் இழுத்துப் பிடிப்பார்கள், அல்லது வேகமாக விடுவார்கள். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போலக் காட்டிக்கொண்டு, கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, தோள் ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம் அவளும் பேச மாட்டாள், வந்தவரையும் பேச விட மாட்டாள். எண்பது பேரில் பாதிப் பேரை அந்த வாரத்தில் வேறு யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். யாரோ ஒரு பெண் ஒரு முழு நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கேள்வியும் கேட்காமல், அவர்கள் விடும் மூச்சோடு கூடவே உட்கார்ந்திருக்கிறாள்.

வரிசை நீண்டது. சீட்டு கொடுக்கும் குமாஸ்தா கத்தினார்: "இந்தம்மா ஒரு கையைப் பிடிச்சா விட மாட்டேங்குதே! இது என்ன ஆஸ்பத்திரியா, கைரேகை பாக்கற கடையா?" அக்கா பதில் சொல்ல மாட்டாள், எண்ணிக்கை தவறிவிடும். ஒரு மாதம் போனதும் உள்ளே இருந்த டாக்டரம்மா சீட்டுக் கட்டோடு வெளியே வந்தார். "என்னம்மா இது, பதினாலு, இருபத்தாறு, பன்னெண்டுன்னு? நிஜமா எண்ணினதா?" எண்ணினதுதான் என்றாள். டாக்டரம்மா சீட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூச்சு மந்தமா இருக்கு, இந்தப் பன்னெண்டுக்கு மாத்திரையைக் குறைக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். குமாஸ்தா அதற்குப் பிறகு முனகத்தான் செய்தார், கத்தவில்லை.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. போர்டைப் பார்த்துத் தயங்கி, "இங்க என்னம்மா பாக்கறாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு, நான் சொன்ன அர்த்தத்தை நம்பி, "மூச்சு வைத்தியம் ஐயா" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு பெரியவர் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனவரை டாக்டரம்மா, தூக்கம் எப்படி, கவலை உண்டா, வீட்டில் யார் யார் என்று கால் மணி நேரம் விசாரித்திருக்கிறார். பெரியவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "எல்லாம் நல்லாதான் இருக்கு தாயி, இந்த இளைப்பு மட்டும்தான்" என்றாராம். ஆஸ்துமா. "யாரும்மா இவரை இங்க உக்கார வெச்சது?" என்று உள்ளேயிருந்து வந்த குரலில் கடிகாரமே நின்றுவிடும் போலிருந்தது என்று அக்கா வீட்டில் நடித்துக் காட்டினாள். "போகும்போது என்ன சொன்னாரு தெரியுமா? இவ்வளவு அக்கறையா யாரும் என்கிட்ட பேசினதில்ல, அடுத்த வாரமும் வரட்டுமான்னு கேட்டாருடா." அன்றிலிருந்து பதிலை மாற்றிக்கொண்டாள். "மனசுக்கு வைத்தியம் பாக்கற இடம். வாங்க, உக்காருங்க."

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் தண்ணீர் வாரியத்தில் வேலை, அமைதியானவன். அக்காவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவன் வந்து போன அன்று கண்ணாடி முன் நின்று தலையை மூன்று விதமாக வாரிப் பார்த்தாள்; நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சீப்பை என் மேல் எறிந்தாள். பையன் வீட்டிலும் அம்மா காது மூக்கு தொண்டை என்றே சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டெய்லரம்மா நோயில் விழுந்தார். எங்கள் யாருக்கும் தெரியாது. முப்பத்து மூன்று வயது, நல்ல கணவர், பள்ளிக்கூடம் போகும் பையன், கை நிறைய வேலை. அவரே சொன்னார்: "காரணம் ஒண்ணும் இல்லை சின்னவனே. அதான் எனக்கு வெக்கம். ஏதாவது ஒரு சாவு, ஒரு சண்டை நடந்திருந்தா சொல்லியிருப்பேன். ஒண்ணுமில்லாம எப்படிச் சொல்றது?" காலையில் எழுந்தால் தையல் இயந்திரம் வரை நடப்பது ஒரு மைல் போலிருந்ததாம். சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்தார். பிறகு கத்தரியைப் பார்க்கவே பயம் வந்தது. தன் கையை நம்ப முடியவில்லை. பெரிய கத்தரியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கணவர் எப்போதாவது போடும் கோட்டின் பையில் அவருக்குத் தெரியாமல் போட்டுவிட்டார். துணி கொண்டு வருகிறவர்களிடம், "கத்தரி சாணை பிடிக்கப் போயிருக்கு" என்றார்.

ஒரு வியாழக்கிழமை, பட்டன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி அந்த மருத்துவமனைக்குப் போனார். சீட்டில் பெயரை மாற்றிச் சொன்னார், முகவரியையும் மாற்றிச் சொன்னார். நீளமான வராந்தாவில் விசாரித்து விசாரித்து அந்தப் போர்டுக்குக் கீழே வந்து நிமிர்ந்தால், எதிரே வெள்ளைக் கோட்டில் என் அக்கா.

"காது மூக்கு தொண்டைல இருக்க வேண்டியவ இங்க எப்படின்னு எனக்குத் தலை சுத்திப்போச்சு. திரும்பிடலாம்னு பாத்தா பின்னால ஆளுங்க. உன் அக்கா நிமிந்து பாத்தா. பாத்தாளா இல்லையான்னுகூட சொல்ல முடியாது. ஒரு நொடிதான். அப்புறம் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கையை நீட்டினா, எல்லார்கிட்டயும் நீட்டற மாதிரி."

அக்கா ஒரு முழு நிமிடம் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சீட்டில் எழுதினாள். எழுதியிருந்த பொய்ப் பெயரைப் படித்து, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள்.

டெய்லரம்மா உட்காரவில்லை. "எனக்கு உங்க அம்மா முகந்தான் கண்ணுல வந்துச்சு. தப்பா நினைக்காதே, உங்க அம்மாகிட்ட ஒரு விஷயம் போச்சுன்னா நாலு மாடிக்கும் போன மாதிரி. என் பையனோட பள்ளிக்கூடத்துல தெரியும், அவர் வேலை செய்யற இடத்துல தெரியும். அவ நல்ல பொண்ணுதான். ஆனா சாப்பிடும்போது ஒரு வார்த்தை வாய் தவறி வந்துட்டா? எனக்கு முன்னால நின்ன வேற ஒரு அம்மா உள்ள போன நேரம் பாத்து, நான் வெளியில வந்துட்டேன். சீட்டு கைலயே இருந்துச்சு. பஸ்ஸுல கிழிச்சுப் போட்டேன். இனி அந்தப் பக்கம் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். போறதில்லைன்னா மிச்சம் என்ன இருக்குன்னும் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

டாக்டரைப் பார்க்காமல் போகிறவர்களுக்கு அந்தப் பிரிவில் ஒரு கார்டு போடுவார்கள், மறுபடி வரச் சொல்லி. பொய் முகவரிக்கு என்ன கார்டு போடுவது? அக்காவால் டெய்லரம்மாவின் கடைக்குள் போய் 'வாங்க' என்று சொல்லவும் முடியாது. அந்த மேசையில் பார்த்த முகத்தை வெளியில் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும், அவள் போய்ப் பேசினால் அந்த அம்மா இன்னும் பயந்து ஒதுங்கிவிடுவார்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்பது தெரியும். கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். மாடிப்படி இறங்கும்போதெல்லாம் தரைத்தளத்தில் ஒரு நொடி நிற்பாள். உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் தெருவுக்கு இறங்குவாள். சனிக்கிழமை நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்: "டேய், ஒருத்தர் நம்மளைப் பாத்துப் பயப்படறாங்கன்னு வெச்சுக்கோ. நம்மால அவங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லைன்னு எப்படிடா புரிய வைக்கறது?"

"நீ அவங்களைப் பாத்துப் பயப்படு. சரியாப் போயிடும்" என்றேன், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். தொந்தரவு செய்யாமல் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சன்னல் திரைக்கு அளவு கொடுக்கத் தையல்கடைக்குப் போனாள், மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வருகிறார்களே என்று. அக்காவும் கூடப் போனாள். என் பேன்ட் அங்கே தைக்கக் கிடந்தது, நானும் போனேன். இரண்டாம் மாடி டீச்சர் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன டெய்லரம்மா, சாணை பிடிக்கப் போன கத்தரி ஊரைச் சுத்திப் பாத்துட்டு வருதா?" என்றார் டீச்சர்.

"வரும் வரும்." டெய்லரம்மா முகத்தைத் தூக்கவில்லை. அக்கா உள்ளே வந்ததிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்கு எந்தப் பிரிவுன்னு கேட்டாங்க. காது மூக்கு தொண்டைன்னேன். உடனே அந்தம்மா, எனக்கு ஒரு காது சரியாக் கேக்காது, இனிமே வீட்டுலயே வைத்தியம்னு சிரிக்கறாங்க!"

"மருமக பேசறது மட்டும் கேக்காத காதா இருக்கப்போகுது, ஜாக்கிரதைடி பெரியவளே" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம்.

"நான் காது மூக்கு தொண்டைல இல்லை" என்றாள் அக்கா.

அம்மா முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "இப்ப எதுக்குடி அது?"

"சைக்கியாட்ரில இருக்கேன் டீச்சர். முதல் நாள்லேருந்து அங்கதான். மனசு சரியில்லாம வர்றவங்களைப் பாக்கற இடம். அம்மாவுக்குச் சொல்ல வெக்கம், நானும் சும்மா இருந்துட்டேன்."

டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். "அப்ப என் பையன் காதுல டார்ச் அடிச்சு என்னத்தடி பாத்தே?"

"அழுக்குதான் டீச்சர். டாக்டர்கிட்ட போங்கன்னுதானே சொன்னேன்?"

"அது சரி... அடிப்பாங்களாமே அங்க? உன்னை அடிக்கறதில்லையா?"

"என்னை அடிக்கறது வீட்டுல இவன் மட்டுந்தான்" என்று என்னைக் காட்டினாள். "பஸ் ஓட்டறவங்க வராங்க, பேங்க்ல இருக்கறவங்க வராங்க. பள்ளிக்கூடத்துலேருந்துகூட வராங்க. உடம்புக்கு வர்ற மாதிரிதான் அதுவும். டாக்டரம்மா நல்லவங்க. மூணு மாசம், ஆறு மாசம்னு வராங்க, தெளிவாயிடறாங்க. யார் வராங்கன்னு நான் வெளியில சொல்றதில்லை. அம்மாகிட்டயும் சொன்னதில்லை. கேட்டுப் பாருங்க, ஒரு வருஷத்துல ஒரு பேராவது சொல்லியிருக்கேனான்னு."

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த திரைத் துணியின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டே பேசினாள். "மாப்பிள்ளை வீட்டுலயும் இன்னைக்கே சொல்லிடப்போறேன். அவங்க என்ன சொல்வாங்களோன்னு பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லிடறேன்."

தையல் இயந்திரம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

அம்மா மாடியேறி வந்து கதவைச் சாத்திய பிறகுதான், "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியேடி" என்று உட்கார்ந்து அழுதாள். அக்கா சொன்னபடியே அன்று சாயந்திரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நாலு நாளில், பையனுக்கு இப்போது கல்யாண யோசனை இல்லை என்று சேதி வந்தது. அக்கா குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி எங்களுக்குக் கேட்டது. அம்மா கதவைத் தட்டப் போனாள், தட்டாமல் திரும்பி வந்தாள்.

அந்த ஞாயிறை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். இவ்வளவு நாள் சும்மா இருந்தவள் ஏன் அன்று, அந்தக் கடையில், அத்தனை பேர் நடுவில் சொன்னாள்? ஒருமுறை கேட்டதற்கு, "பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு தோணுச்சு" என்றாள். நம்பிவிட்டேன். ஆறு வருடம் கழித்து, அந்தப் பிரிவின் எடை இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். தராசு மாமா என்று நாங்கள் கூப்பிடுவோம்; எங்கள் கட்டடத்துக்கே குடிவந்துவிட்டார். அம்மா அவரைக் கட்டடத்தில் இன்ஜினியர் என்று சொல்லி வைத்தாள். மாமா நான்கு வருடம் முன்பு போய்விட்டார். அவரிடமும் அக்கா எதுவும் சொல்லியிருக்க மாட்டாள்.

டெய்லரம்மா சொன்னார்: "அவ பேசினது அத்தனையும் எனக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். என் ரகசியம் அவ கைல இருக்குன்னுதானே நான் பயந்தேன்? அவ தன்னோடதை எடுத்து எல்லார் முன்னாலயும் போட்டுட்டா. கல்யாணம் நின்னு போகும்னு தெரிஞ்சே போட்டா. என்னால ராத்திரியெல்லாம் படுக்க முடியலை. இப்படிப்பட்டவ என்னைக் காட்டிக் குடுப்பாளான்னு யோசிச்சேன். அந்த வியாழக்கிழமை மறுபடியும் ரெண்டு பஸ் மாறிப் போனேன்."

குமாஸ்தாவிடம் உண்மைப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினார். அக்கா சீட்டைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், கையை நீட்டினாள். ஒரு நிமிடம். எழுதி முடித்துவிட்டு, "அந்த மூணாவது நாற்காலிக்குக் கால் ஆடும், அதுல உக்காராதீங்க" என்றாள். அவ்வளவுதான். டெய்லரம்மா இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, கூப்பிட்டதும் உள்ளே போனார். நான்கு மாதம் கழித்துக் கணவரின் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரே படிக்கட்டில் இருபது வருடம் ஏறி இறங்கியிருக்கிறார்கள். துணி, பட்டன், பையனின் மார்க் எல்லாம் பேசியிருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லையாம். நோய் நடுவில் இரண்டு முறை திரும்பி வந்தது, இரண்டு முறையும் போனது. இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போகிறார்.

"நாளைக்கு எனக்குத் தேதி" என்றார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "வேலையை விட்ட அப்புறமும் என் தேதி அன்னைக்கு உன் அக்கா அந்த வாசல்ல வந்து நின்னுடுவா. ஏதோ வேலையா வந்த மாதிரி. பேசக்கூட மாட்டா. அவ நிக்கறதைப் பாத்துட்டு நான் உள்ள போவேன். நாளைக்குப் போகணுமான்னு இருக்கு சின்னவனே. கால் வர மாட்டேங்குது."

"நான் வரட்டுமா?" என்றேன்.

டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம், "எட்டரை மணி பஸ்" என்றார்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்பே நின்றிருந்தார். மருத்துவமனை இப்போது புதுக் கட்டடம். போர்டில் மனநலப் பிரிவு என்று தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். வாசலை நெருங்கியபோது அவர் நடை தளர்ந்தது. நானும் கூடவே நின்றேன். பின்னால் வந்த இரண்டு மூன்று பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். பிறகு அவராகவே நடந்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டாள்: "எப்பவும் தனியாத்தானே வருவீங்க? இவர் யாரு? உறவுமுறை போடணும்."

டெய்லரம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி" என்றார்.

"கூடப் பொறந்தவரா?"

"அப்படித்தான். எழுதிக்கம்மா."